டாக்டர், நர்ஸ், கணவர் எல்லோரும் இருக்கும்போது டூலா எதற்கு?

முதல் பிரசவம், ஏழாம் மாதம் நடக்கிறது, டாக்டர் நல்லவர், கணவரும் பிரசவ அறைக்குள் வரப்போகிறார், இத்தனை பேர் இருக்கும்போது காசு கொடுத்துப் பிரசவத் துணைக்கு டூலா என்று இன்னொருவரை வைத்துக்கொள்வதில் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது இது வசதி இருப்பவர்களின் ஆடம்பரமா? இதுதான் கேள்வி. பயன் உண்டு. ஆனால் பலர் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. மசாஜ், மூச்சுப்பயிற்சி, பெரிய ரப்பர் பந்து இதெல்லாம் வெளியே தெரிகிற பகுதி. உள்ளே இருக்கும் விஷயம் அதைவிட எளிமையானது.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பல வருஷம் பிரசவ வார்டில் செவிலியாக இருந்துவிட்டு, அப்புறம் டூலா பயிற்சி எடுத்துக்கொண்டவள் நான். தன் கடைச் சரக்கைக் கசப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் எங்கள் தொழிலுக்குச் சாதகமாக இல்லாத முடிவுகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் டூலா யார் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். டூலா மருத்துவச்சி இல்லை. உள் பரிசோதனை செய்ய மாட்டார், குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்து முடிவு சொல்ல மாட்டார், ஊசி மருந்து எதையும் தொட மாட்டார், குழந்தையை வெளியே எடுக்க மாட்டார். சொல்லே கிரேக்கச் சொல், பணிப்பெண் என்று பொருள், இன்னும் பழைய அர்த்தம் அடிமைப்பெண். டானா ரஃபேல் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1973-ல் வெளிவந்த தன் புத்தகத்தில், பிள்ளை பெற்றவளின் பக்கத்தில் இருந்து தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கும் நாட்களில் அவளைத் தாங்கும் பெண்ணுக்கு இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். பிறகு மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்களின் ஆய்வுகள் வழியாக அது பிரசவ நேரத்துத் துணைக்கும் பெயராகிவிட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லோரும் இருக்கிறார்களே என்கிறீர்கள். சரி, யார் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் பிரசவம் என்றால் வலி சரியாகப் பிடித்த பிறகும் பன்னிரண்டு மணிநேரம் வரை, சில சமயம் அதற்கு மேலும் போகலாம். டாக்டர் இடையிடையே வந்து பார்ப்பார், கடைசியில் இருப்பார், அது அவருடைய தவறு இல்லை, அவருக்கு வேறு தாய்மார்களும் உண்டு. நர்ஸ் ஷிப்ட் மாறிப் போய்விடுவார். நான் வார்டில் இருந்த நாட்களில் ஒரே இரவில் மூன்று பேரைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி வலியில் என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள், பக்கத்து அறையில் மானிட்டர் கத்தும், அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஓட வேண்டியிருக்கும். திரும்பி வரும்போது அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டிருப்பாள். வேலையை நான் ஒழுங்காகத்தான் செய்தேன், எழுத வேண்டியதை எழுதினேன், அளக்க வேண்டியதை அளந்தேன். ஆனால் கூடவே இருக்க முடியவில்லை.

அந்த அறையில் வேறு எந்தக் கடமையும் இல்லாமல், எழுத ஃபைல் இல்லாமல், ஷிப்ட் முடிந்தது என்று கிளம்பாமல், அந்த ஒரு பெண்ணுக்காக மட்டும் இருப்பவர் டூலா. டூலாவின் தொழில் என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை என்பதற்குச் சில ஆய்வுகளைச் சொல்கிறேன், ஏனென்றால் அவை உண்மையிலேயே சுவாரசியமானவை. 1980-ல் வெளிவந்த குவாத்தமாலா ஆய்வில், பிரசவத்துக்கு வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு முன்பின் தெரியாத ஒரு சாதாரணப் பெண்ணைத் துணைக்கு அமர்த்தினார்கள். அந்தத் துணைக்கு மருத்துவப் படிப்பு கிடையாது. முதுகைத் தேய்த்துவிட்டார், கையைப் பிடித்துக்கொண்டார், பேசினார், அவ்வளவுதான். சிக்கல் இல்லாமல் பிரசவித்தவர்களை ஒப்பிட்டால், துணை இருந்தவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து குழந்தை பிறக்க ஒன்பது மணிநேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, துணை இல்லாதவர்களுக்குப் பத்தொன்பது மணிநேரத்துக்கு மேல். பிரசவம் முடிந்த பிறகு துணை இருந்த தாய்மார்கள் அதிக நேரம் விழித்திருந்தார்கள், குழந்தையைத் தடவிக்கொடுப்பதும் சிரிப்பதும் பேசுவதும் அவர்களிடம் அதிகமாக இருந்தது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது, அது சின்ன ஆய்வு, ஒவ்வொரு பக்கமும் இருபது பேர்தான். அந்த வார்டில் சொந்தக்காரர் யாரையும் உள்ளே விடாததால் துணை இல்லாதவள் முழுக்கத் தனியாகவே கிடந்தாள். உங்களுக்கும் பிரசவ நேரம் பாதியாகும் என்று யாராவது இதைக் காட்டிச் சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்கு அதிகம் பிடித்தது 1991-ல் வெளிவந்த ஹூஸ்டன் ஆய்வு. கென்னலும் கிளாஸும் சேர்ந்து செய்தது, முதல் பிரசவத்துக்கு வந்த அறுநூற்றுச் சொச்சம் பெண்கள். இதில் மூன்று குழு. ஒரு குழுவுக்கு டூலா. இன்னொரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். நடுவில் ஒரு விசித்திரமான குழு, அந்த அறையில் ஒரு பெண் ஒதுங்கி உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருப்பார், தாயிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார், தொட மாட்டார். சிசேரியன் விகிதம் என்ன ஆயிற்று தெரியுமா? டூலா இருந்தவர்களில் 8 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 18 சதவீதம், பேசாமல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்த குழுவில் 13 சதவீதம். சுகப்பிரசவம் ஆனவர்களில் எபிடூரல் (வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் மரப்பு மருந்து) போட்டுக்கொண்டவர்கள் டூலா குழுவில் 7.8 சதவீதம், பேசாத பெண் இருந்த குழுவில் 22.6, யாரும் இல்லாத குழுவில் 55.3.

அந்த நடுக் குழுவை நினைத்துப் பாருங்கள். வாய் திறக்காமல் ஒரு பெண் மூலையில் உட்கார்ந்திருந்தாலே கணக்கு மாறுகிறது. ஏன் என்று ஒரே காரணம் சொல்லிவிட முடியாது, கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் பணியாளர்களும் நிதானமாக நடந்துகொள்வார்கள் என்று ஒரு வாதம் உண்டு, அதுவும் நியாயம்தான். ஆனால் பிரசவ அறையில் நின்றவளுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. நான் டூலாவாகப் போன முதல் பிரசவத்தில் படித்ததையெல்லாம் கொட்டினேன், மூச்சை இப்படி விடுங்கள், தோளைத் தளர்த்துங்கள், அந்தப் பக்கம் திரும்புங்கள் என்று நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது மணிநேரத்தில் அந்தப் பெண் கண்ணைத் திறக்காமலே, “கொஞ்சம் சும்மா இருங்கக்கா, ஆனா போயிடாதீங்க” என்றாள். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்படியானால் நர்ஸுக்கே இந்தப் பயிற்சியைக் கொடுத்தால் போதாதா என்று தோன்றும். செய்து பார்த்துவிட்டார்கள். 2002-ல் எலன் ஹாட்நெட் குழுவினர் வட அமெரிக்காவில் 13 ஆஸ்பத்திரிகளில் கிட்டத்தட்ட 6,900 பெண்களை வைத்து, பயிற்சி பெற்ற நர்ஸ் தொடர்ந்து கூட இருப்பதையும் வழக்கமான கவனிப்பையும் ஒப்பிட்டார்கள். சிசேரியன் விகிதம் 12.5-ம் 12.6-ம். வித்தியாசமே இல்லை. நான் செவிலியாக இருந்தவள், இதைப் படித்தபோது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் யோசித்தால் புரிகிறது. நர்ஸ் அந்த நிர்வாகத்தின் ஆள், அங்கே நடைமுறை எப்படியோ அப்படித்தான் அவர் போக முடியும். எடுத்ததற்கெல்லாம் சிசேரியன், எடுத்ததற்கெல்லாம் மானிட்டர் என்று பழகிப்போன இடத்தில், ஒரு நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்ததால் அந்தப் பழக்கம் மாறாது. டூலா அந்தச் சம்பளப் பட்டியலில் இல்லாதவர், அதுவும் ஒரு பலம்.

சரி, ஒருவர் கூட இருந்தால் உடம்புக்குள் என்ன மாறுகிறது? கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பது ஆக்ஸிடோசின். பயம் வந்தால் சுரப்பது அட்ரினலின். பயம் அதிகமானால், அதுவும் வலியின் ஆரம்பக் கட்டத்தில், அட்ரினலின் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, சுருக்கங்களைப் பலவீனமாக்கிவிடும். வீட்டில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்த வலி, ஆஸ்பத்திரி விளக்கு வெளிச்சத்தில் நான்கு புதிய முகங்களைப் பார்த்ததும் நின்றுபோவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் தெரியுமா! பயம், அதனால் தசை இறுக்கம், அதனால் வலி அதிகம், அதனால் இன்னும் பயம் என்று அது சுற்றிச் சுற்றி வரும். தெரிந்த குரலும் நம்புகிற கையும் அந்தச் சுற்றை உடைக்கின்றன. தொடுவதற்கும் தனியாக ஒரு விளக்கம் உண்டு. 1965-ல் மெல்ஸாக், வால் என்ற இருவர் சொன்ன வாயில் கோட்பாடு, அதாவது அழுத்தம், தடவல் போன்ற உணர்ச்சிகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியின் வழியை ஓரளவு அடைத்துவிடும். அடிபட்ட இடத்தை நாம் தன்னிச்சையாகத் தேய்த்துக்கொள்கிறோமே, அதே சமாசாரம்.

அங்கே டூலா என்னதான் செய்கிறார் என்று கேட்டால், முதல் பாதி வேலை பிரசவத்துக்கு முன்பே முடிந்திருக்கும். பொதுவாக இரண்டு மூன்று முறை சந்திப்பார், எதற்குப் பயப்படுகிறீர்கள், எபிடூரல் வேண்டுமா வேண்டாமா, யார் உள்ளே இருக்கலாம், யார் இருக்கக் கூடாது (மாமியார் விஷயம் பெரும்பாலும் இங்கேதான் வெளியே வரும்) என்றெல்லாம் பேசிவைப்பார். 38-வது வாரம் வாக்கில் இருந்து போன் அடித்தால் வருகிற நிலையில் இருப்பார். வலி ஆரம்பித்ததும் எப்போது கிளம்ப வேண்டும் என்று டாக்டர் சொன்னது அவருக்கும் தெரிந்திருக்கும், அதனால் லேசான வலிக்கே பதறி ஓடிப்போய் ஒரு நாள் முழுக்கக் கட்டிலில் கிடக்கும் நிலை குறையும். ஆனால் பனிக்குடம் உடைந்து நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வந்தாலும், ரத்தம் போனாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் காத்திருக்கச் சொல்கிற டூலா டூலாவே இல்லை, உடனே கிளம்பச் சொல்பவர்தான் டூலா.

அறைக்குள் வந்த பிறகு பெரும்பாலும் சின்னச் சின்ன வேலைகள். நடக்க வைப்பது, சாய்ந்து நிற்க வைப்பது, முழங்காலிட்டுக் கையூன்ற வைப்பது, அரைமணிக்கு ஒரு முறை நிலையை மாற்றுவது. முதல் கட்டத்தில், அதாவது கர்ப்பப்பை வாய் திறந்துகொண்டிருக்கும் கட்டத்தில், படுத்தே கிடப்பதைவிட நிமிர்ந்தும் நடந்தும் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டம் சராசரியாக ஒன்றேகால் மணிநேரத்துக்கு மேல் குறைகிறது என்று 2013-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு (பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிப் பார்ப்பது) சொல்கிறது, ஆனால் யாராவது தாங்கிப் பிடிக்காமல் வலியில் இருப்பவள் தானாக எழுந்து நடப்பாளா? குழந்தை முதுகைத் தாயின் முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தால் வலி முழுக்க இடுப்பின் பின்பக்கம்தான் இறங்கும். அப்போது வால் எலும்புக்கு மேலே உள்ளங்கையால் ஊன்றி அழுத்தியோ, இரண்டு பக்க இடுப்பையும் சேர்த்து உள்நோக்கி அமுக்கியோ பிடிக்க வேண்டும், ஒவ்வொரு வலிக்கும், மணிக்கணக்கில். மறுநாள் எனக்குக் கை தூக்க முடியாது. அப்புறம் ஒரு மணிக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்க நினைவூட்டுவது. சிரிக்காதீர்கள், நிரம்பிய சிறுநீர்ப்பை குழந்தையின் தலை இறங்குவதைத் தடுக்கும், அந்த நிலையில் யாருக்கும் அது நினைவுக்கு வராது.

பென்னி சிம்கின் என்பவர் இந்தத் துறையில் பெரிய பெயர், கிளாஸ், கென்னல் ஆகியோரோடு சேர்ந்து 1992-ல் டோனா என்ற டூலா அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். வலியைச் சமாளிக்கும் பெண்களிடம் மூன்று விஷயம் இருக்கும் என்பார் அவர். உடம்பைத் தளர்த்துவது, ஒரு தாளம், திரும்பத் திரும்பச் செய்கிற ஏதோ ஒரு செயல். ஒருத்தி ஒவ்வொரு வலிக்கும் தலையை இடமும் வலமும் அசைப்பாள், ஒருத்தி ஒரே எண்ணிக்கையை முணுமுணுப்பாள், ஒருத்திக்குக் கணவரின் சட்டைக் காலரைத் திருக வேண்டும். டூலா அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை, அவளே கண்டுபிடித்ததைக் கலைக்காமல் காப்பாற்றுகிறார். வலிக்கு நடுவில் கதவைத் திறந்து பெயர், வயது கேட்க வருபவரிடம் “ஒரு நிமிஷம், இந்த வலி முடியட்டும்” என்று மெதுவாகச் சொல்கிறார். அந்த ஒரு நிமிஷம் பெரிய விஷயம்.

கர்ப்பப்பை வாய் முழுக்கத் திறப்பதற்குச் சற்று முன்பு ஒரு கட்டம் வரும். உடம்பு நடுங்கும், வாந்தி வரும், இனிமேல் என்னால் முடியாது, வீட்டுக்குப் போகிறேன் என்பாள், பக்கத்தில் இருப்பவர்களைத் திட்டுவாள். பார்க்கிற கணவர் ஏதோ ஆபத்து என்று வெலவெலத்துப் போவார். டூலாவுக்கு அது கரை தெரிகிற நேரம். “முடியாதுன்னு சொல்றீங்கன்னா முடியப்போகுதுன்னு அர்த்தம்” என்று அதை இருவருக்கும் சொல்லத் தெரிந்த ஒரு ஆள் அங்கே இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

கணவர் விஷயத்துக்கு வருவோம், கேள்வியிலேயே அது இருக்கிறது. டூலா வந்தால் கணவர் ஓரம்கட்டப்படுவார் என்ற பயம் நியாயமானது, ஆனால் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். அவருக்கும் இது முதல் பிரசவம். நேசிக்கிறவள் கதறுவதைப் பார்த்துக்கொண்டே, எப்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவரே நினைவில் வைத்துக்கொண்டு, பதினாறு மணிநேரம் சாப்பிடாமல் தூங்காமல் நிற்க வேண்டும் என்றால் அது அநியாயம். டூலா இருந்தால் அவர் போய் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு வரலாம், அழ வேண்டும் என்றால் அழலாம், முகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணவராக மட்டும் இருக்கலாம். கை எங்கே வைத்து அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிட்டு டூலா பின்னால் நகர்ந்துகொள்வார். கணவரோ வேறு துணையோ கூட இருந்த பெண்களை மட்டும் வைத்தே மெக்ராத்தும் கென்னலும் 2008-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள், 420 பேர், எல்லோரும் முதல் பிரசவம், பொருளாதார ரீதியில் நடுத்தரமும் அதற்கு மேலும். துணையோடு டூலாவும் இருந்தவர்களில் சிசேரியன் 13.4 சதவீதம், துணை மட்டும் இருந்தவர்களில் 25. கணவர் இருக்கிறாரே என்ற கேள்விக்கு நேரடியான பதில் இதுதான்.

இன்னொரு தவறான எண்ணம், டூலா என்றால் மருந்தே இல்லாத பிரசவத்துக்கு மட்டும் என்பது. எபிடூரல் போட்டால் டூலா தோற்றுவிட்டார் என்று அர்த்தமில்லை. எபிடூரல் போட்டவளுக்குத் தானாகத் திரும்பிப் படுப்பது பெரும்பாலும் கஷ்டம், நிலக்கடலை வடிவப் பந்தைக் காலுக்கு நடுவில் வைத்துப் பக்கவாட்டில் மாற்றி மாற்றிப் படுக்க வைப்பது, உணர்ச்சி மரத்திருக்கும்போது எப்போது, எப்படி முக்க வேண்டும் என்பதற்கு உதவுவது என்று வேலை இருக்கத்தான் செய்கிறது. சிசேரியன் என்றால் தியேட்டருக்குள் டூலாவை விடுவது அந்தந்த ஆஸ்பத்திரியைப் பொறுத்தது. விட்டால், தலைமாட்டில் உட்கார்ந்து திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார், இப்போது இழுப்பது போல இருக்கும், இது வலி இல்லை, அழுத்தம் என்று. குழந்தையோடு கணவர் போய்விட்டால் தையல் போடும் நேரத்தில் அவள் தனியாகக் கிடக்க வேண்டாம். அவசர சிசேரியனுக்குப் பிறகு “என்ன நடந்தது, ஏன் நடந்தது” என்று சில நாள் கழித்து உட்கார்ந்து பேச ஒரு சாட்சி இருப்பதும் சின்ன விஷயம் இல்லை.

இப்போது மொத்தக் கணக்கு. 2017-ல் வந்த காக்ரேன் தொகுப்பு 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை, 15,858 பெண்களை, சேர்த்துப் பார்த்தது. டூலா மட்டுமல்ல, நர்ஸ், உறவினர் என்று எந்த வகைத் தொடர்ச்சியான துணையையும் கணக்கில் எடுத்தது. சிசேரியன் வாய்ப்பு 25 சதவீதம் குறைவு, டூலாவைத் தனியாகப் பார்த்தால் 39 சதவீதம் குறைவு. ஆயுதம் போட்டு எடுப்பதும் குறைவு, பிறந்து ஐந்தாவது நிமிஷத்தில் அப்கார் மதிப்பெண் (மூச்சு, இதயத் துடிப்பு போன்றவற்றைப் பார்த்துப் பிறந்த குழந்தைக்குப் போடுவது) குறைவாக இருக்கும் குழந்தைகளும் குறைவு, பிரசவ அனுபவத்தைக் கசப்பாக நினைப்பவர்களும் குறைவு. பிரசவ நேரம் சராசரியாக 41 நிமிஷம் குறைந்தது. 25 சதவீதம் என்பதைத் தவறாகப் படிக்க வேண்டாம். உங்கள் ஆஸ்பத்திரியில் நூற்றில் இருபது பேருக்குச் சிசேரியன் என்றால் அது பதினைந்தாகலாம் என்றுதான் அர்த்தம், உங்களுக்கு நடக்காது என்று இல்லை. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால் எத்தனை டூலா வந்தாலும் சிசேரியன்தான்.

சாதகமாக இல்லாததையும் சொல்கிறேன் என்றேன் அல்லவா. அதே தொகுப்பில், குழந்தைகள் சிறப்புப் பராமரிப்புப் பிரிவுக்குப் போவதில் வித்தியாசம் தெரியவில்லை. தாய்ப்பால் தொடர்வதிலும் தெளிவான வித்தியாசம் இல்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு குறையும் என்று சில டூலாக்கள் உறுதியாகச் சொல்வார்கள், ஆனால் அதற்கு இருக்கும் சான்று மிகக் கொஞ்சம், ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடக்கூட முடியாத அளவு. மேலும் யாருக்கு டூலா இருக்கிறார் என்பதை இப்படிப்பட்ட ஆய்வில் மறைக்க முடியாது, அதனால் சான்றின் தரமே குறைவு என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், கெடுதல் வந்ததாகவும் எதுவும் தெரியவில்லை. மருத்துவத்தில் பயன் உண்டு, பக்கவிளைவு காணோம் என்று சொல்லக்கூடியவை ரொம்பக் கொஞ்சம். உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் வெளியிட்ட பிரசவக் கவனிப்பு வழிகாட்டியில், தாய் தானே தேர்ந்தெடுத்த ஒரு துணை பிரசவம் முழுக்கக் கூட இருக்க வேண்டும் என்று எல்லாப் பெண்களுக்கும் பரிந்துரைக்கிறது.

கெடுதல் இல்லை என்று சொன்னேன், அது நல்ல டூலாவுக்கு. ஒரு முறை நான் செவிலியாக இருந்தபோது வந்த ஒருவர், டாக்டர் சொல்வதற்கெல்லாம் தாயை முந்திக்கொண்டு “வேண்டாம்” என்று பதில் சொன்னார். அந்த அறையில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது, நடுவில் அந்தப் பெண். டூலாவின் வேலை உங்களுக்காகப் பேசுவது இல்லை, நீங்கள் பேச இடம் உண்டாக்கித் தருவது. டாக்டர் ஒன்றைச் சொல்லும்போது “இது அவசரமா, கொஞ்ச நேரம் இருக்கிறதா? செய்தால் என்ன நன்மை, என்ன ஆபத்து? வேறு வழி உண்டா? ஒரு மணிநேரம் பொறுத்தால் என்ன ஆகும்?” என்று நீங்கள் கேட்க நினைத்திருந்த கேள்விகளை நினைவூட்டலாம். பதில் சொல்வதும் முடிவு எடுப்பதும் நீங்களும் டாக்டரும்தான். அதனால் பேசிப் பார்க்கும்போது, நான் வந்தால் நிச்சயம் சுகப்பிரசவம் என்று வாக்குக் கொடுப்பவரையும், டாக்டர்கள் எல்லோரும் காசுக்காகக் கத்தி எடுப்பவர்கள் என்று ஆரம்பிப்பவரையும், ஸ்கேன் வேண்டாம், மருந்து வேண்டாம் என்று அறிவுரை சொல்பவரையும் அங்கேயே கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

பல நாடுகளில் இந்தத் தொழிலுக்கு உரிமம் எதுவும் தேவையில்லை, சில நாள் வகுப்பு முடித்தவரும் டூலா, முந்நூறு பிரசவம் பார்த்தவரும் டூலா. எனவே சான்றிதழைவிட இதைக் கேளுங்கள்: எத்தனை பிரசவத்துக்குக் கூட இருந்திருக்கிறீர்கள், கடைசியாக எது நீங்கள் நினைத்தபடி போகவில்லை, அப்போது என்ன செய்தீர்கள்? எனக்கு வலி வரும் நாளில் நீங்கள் வேறொரு பிரசவத்தில் இருந்தால் யார் வருவார், அவரை நான் முன்பே பார்க்கலாமா? நான் எபிடூரல் கேட்டால் என்ன சொல்வீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது முகத்தைக் கவனியுங்கள். அப்புறம் ஒன்று, எல்லாப் பதிலும் சரியாக இருந்தும் அவர் அறையில் இருக்கும்போது உங்கள் தோள் இறுக்கமாகவே இருந்தால் விட்டுவிடுங்கள். வாந்தி எடுக்கும்போதும் உடை விலகும்போதும் பக்கத்தில் இருக்கப்போகும் ஆள் அவர்.

செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் ஒரு நல்ல மாற்று இருக்கிறது. நியூ ஜெர்சியில் நடந்து 2006-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், தொழில்முறை டூலாவுக்குப் பதிலாகத் தாயே தேர்ந்தெடுத்த தோழி அல்லது உறவுக்காரப் பெண்ணுக்கு இரண்டு மணிநேர வகுப்பு இரண்டு மட்டும் எடுத்தார்கள். 600 பெண்கள். அப்படித் துணை இருந்தவர்களுக்குப் பிரசவ நேரம் சராசரி 10.4 மணிநேரம், மற்றவர்களுக்கு 11.7. சிசேரியனில் வித்தியாசம் வரவில்லை, ஆனால் நாலு மணிநேர வகுப்புக்கு இது மோசமில்லை. பதறாத, அதிகம் பேசாத, தன் பிரசவக் கதையை எடுத்து விடாத ஒரு அக்காவோ சித்தியோ தோழியோ உங்களுக்கு இருந்தால், இடுப்பை எங்கே அழுத்துவது, எப்போது தண்ணீர் கொடுப்பது, எப்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று இப்போதே சேர்ந்து பழகுங்கள். மூன்றாவதுதான் கஷ்டம், அதை அதிகம் பழக வேண்டும்.

எதை முடிவு செய்வதற்கு முன்பும் ஒரு வேலை. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது பிரசவ அறைக்குள் எத்தனை பேரை விடுவார்கள் என்று கேளுங்கள். ஒருவர் மட்டும் என்றால் கணவரா டூலாவா என்று வீட்டில் முதலில் பேச வேண்டும், இருவரும் மாறி மாறி இருக்க அனுமதி உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள். வரவேற்பில் இருப்பவரிடம் கேட்டால் ஒரு பதிலும், பிரசவ வார்டுத் தலைமை நர்ஸிடம் கேட்டால் வேறு பதிலும் கிடைக்கலாம். தலைமை நர்ஸ் சொல்வதுதான் அன்றைக்கு நடக்கும்.